மதுரை கோர்ட்டில் ஜூனியராகச் சேர்ந்திருக்கிறீர்களா? ஒரு நாள் வேலை இப்படித்தான் இருக்கும்

கறுப்புக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு சீனியர் அலுவலகத்துக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே ஒரு கேஸ் கட்டைக் கையில் கொடுத்து, "முன்சீப் கோர்ட்ல கூப்பிடுவாங்க, வாய்தா வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். எந்தக் கட்டடம், யாரிடம் கேட்பது, கூப்பிட்டால் என்ன சொல்வது என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நான் மதுரையில் பதினொரு வருடமாகத் தொழில் செய்கிறேன். இப்போது என்னிடமும் இரண்டு ஜூனியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னதை, இனி வரப்போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சேருவதற்கு முன் இரண்டு விஷயம். வழக்கறிஞராகப் பதிவு செய்கிற கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பதிவு முடிந்ததும் அகில இந்திய பார் தேர்வை மறந்துவிடாதீர்கள். வேலைக்கு நடுவில் "அடுத்த முறை எழுதிக்கலாம்" என்று தள்ளிப்போட்டே இரண்டு வருட அவகாசத்தைக் கரைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று சம்பளம். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் 2024 ஜூனில் சுற்றறிக்கை விட்டது. அது எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் சேரும்போதே தயங்காமல் கேளுங்கள். பஸ் காசுக்கும் ஹாஸ்டல் வாடகைக்கும் வழியில்லாமல் நல்ல பிள்ளைகள் ஆறாவது மாதமே தொழிலை விட்டுப் போவதைப் பார்த்து எனக்கு வருத்தமும் கோபமும் உண்டு. கிராமத்திலிருந்து, முதல் தலைமுறையாகப் படித்து வருகிறவர்கள்தான் இதில் முதலில் விழுகிறார்கள்.

முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பிக்கிறது

ஜூனியரின் நாள் காலையில் தொடங்குவதில்லை. முந்தின நாள் மாலை டைரியைத் திறக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

அலுவலக டைரியில் நாளைய தேதிக்கு எழுதியிருக்கிற வழக்குகளை முதலில் ஒரு தாளில் எடுத்து எழுதுங்கள். எந்தக் கோர்ட், வழக்கு எண், நாம் யாருக்கு ஆஜராகிறோம், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற நான்கும் இருக்க வேண்டும். கட்டம் என்றால் எதிருரைக்கு, சம்மன் திரும்புவதற்கு, சாட்சி விசாரணைக்கு, வாதத்துக்கு, தீர்ப்புக்கு என்று கோர்ட் எதற்காக அந்த நாளைக் குறித்திருக்கிறதோ அது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டைத் தூக்கிக்கொண்டு போனால் சும்மா நிற்கத்தான் முடியும்.

அடுத்து இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்கையும் சரிபாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. புது வழக்குக்கு நம்பர் ஆனதுமே அதைக் கட்டின் மேல் அட்டையில் எழுதிவிடுங்கள். வழக்கு எண் கோர்ட் மாறினால் மாறலாம். இதை வைத்துத் தேடினால் தப்பாது. டைரியில் ஒரு தேதியும் செயலியில் வேறு தேதியும் இருந்தால், நேரில் போய் அந்தக் கோர்ட்டின் பதிவேட்டில் பார்த்து உறுதி செய்யும்வரை இரண்டு தேதியிலும் போய் நில்லுங்கள்.

ஹைகோர்ட் வழக்கு இருந்தால் காஸ் லிஸ்ட், அதாவது மறுநாள் விசாரிக்கிற வழக்குகளின் பட்டியல், மாலையில் வலைத்தளத்தில் வந்துவிடும். சீனியர் பெயரைப் போட்டுத் தேடுவதோடு நிற்காதீர்கள். பெயர் எழுத்துக் கூட்டலில் ஓர் எழுத்து மாறியிருந்தால் தேடலில் வராது. வழக்கு எண்ணைப் போட்டும் ஒரு முறை தேடுங்கள். மதுரைக் கிளை வழக்கு எண்களில் 'எம்.டி.' என்று அடைப்புக்குள் இருக்கும். அதை விட்டுவிட்டால் சென்னையில் அதே எண்ணில் இருக்கிற வேறு வழக்கு வந்து நிற்கும்.

பட்டியல் முடிந்ததும் கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையும் திறந்து, வழக்கைப் பற்றி மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். யார் யார்மேல் போட்டது, என்ன கேட்கிறார்கள், போன வாய்தாவில் என்ன நடந்தது. இந்த மூன்று வரி உங்களை எத்தனை தடவை காப்பாற்றும் என்பது போகப்போகத் தெரியும்.

காலை: குமாஸ்தா அண்ணனிடம் ஆரம்பியுங்கள்

எட்டரை, ஒன்பதுக்கு அலுவலகத்தில் இருங்கள். சீனியர் கட்சிக்காரர்களோடு (நம்மிடம் வழக்கைக் கொடுத்தவர்களோடு) பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரம் குமாஸ்தாவிடம் உட்காருங்கள். இருபது முப்பது வருடம் கோர்ட் வராந்தாவில் நடந்தவர் அவர். எந்த மனுவுக்கு எவ்வளவு கோர்ட் ஃபீஸ், எந்தப் பிரிவில் யாரைப் பார்ப்பது, 'ரிட்டர்ன்' ஆன பிராதுக்கு என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. "அண்ணே, இது எப்படிண்ணே?" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். பட்டம் வாங்கிய திமிரில் அவரிடம் அதிகாரமாகப் பேசுகிற ஜூனியருக்கு அவர் எதையும் சொல்லித் தர மாட்டார். அது நியாயம்தான்.

கோர்ட்டுக்குக் கிளம்பும்முன் வக்காலத்து, மனு, பிரமாண வாக்குமூலம் மூன்றையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். வக்காலத்தில் கட்சிக்காரர் கையெழுத்து, நம் கையெழுத்து, வழக்கறிஞர் சேமநல நிதி ஸ்டாம்ப், முகவரி இருக்கிறதா? மனுவில் பக்கம்தோறும் கையெழுத்து இருக்கிறதா? பாதிக்கு மேல் ரிட்டர்ன் ஆவது இந்த மாதிரிச் சின்னக் குறைகளுக்குத்தான். ரிட்டர்ன் ஆனால் குறிப்பிட்ட நாட்களுக்குள் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனு, இன்னொரு செலவு. அந்தச் செலவு கட்சிக்காரர் தலையில் விழும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வெற்றுத் தாளில் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். "அவசரம், பின்னால் டைப் பண்ணிக்கலாம்" என்று யார் சொன்னாலும் சரி. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், எழுதியிருப்பதைத் தமிழில் நிறுத்தி வாசித்துக் காட்டி, "இதுதான் நீங்க சொன்னதா?" என்று கேட்டு, அப்புறம் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்குங்கள். அதே போல மற்ற அலுவலக நண்பர்கள் பிரமாண வாக்குமூலத்தை நீட்டி, "இதுல ஒரு அட்டஸ்டேஷன் போடுங்க" என்பார்கள். உங்கள் முன்னால் அந்த ஆள் கையெழுத்துப் போட்டால் மட்டும் போடுங்கள். நட்புக்காகப் போட்ட ஒரு கையெழுத்துக்குச் சாட்சிக் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல நேரலாம்.

பத்தேகாலுக்குள் கோர்ட் ஹாலில்

மாவட்ட நீதிமன்ற வளாகம் மேலூர் சாலையில் கே.கே. நகர் பக்கம் இருக்கிறது. அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கினால் பக்கம். பத்தரைக்கு நீதிபதி அமர்வார் என்றால் பத்தேகாலுக்கு நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். உடையைப் பற்றி ஒரு வார்த்தை: கோடையில் கீழமை நீதிமன்றங்களில் கோட்டு போடாமல் போக விதியில் இடம் உண்டு. ஹைகோர்ட்டில் கிடையாது, அங்கே கோட்டோடு கவுனும் வேண்டும். கழுத்தில் கட்டுகிற வெள்ளை பேண்டு எப்போதும் பையில் ஒன்று உபரியாக இருக்கட்டும்.

உள்ளே போனதும் அன்றைய பட்டியலில் நம் வழக்கு எத்தனையாவது என்று பார்த்து, தாளில் குறியுங்கள். ஒரே நேரத்தில் சப் கோர்ட்டில் ஓர் ஓ.எஸ். (உரிமையியல் வழக்கு), மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு செக் வழக்கு, குடும்ப நீதிமன்றத்தில் ஓர் எச்.எம்.ஓ.பி. (இந்துத் திருமணச் சட்ட மனு) என்று மூன்று இடத்தில் கூப்பிடலாம். வரிசை எண்ணை வைத்து எங்கே முதலில் நிற்பது என்று முடிவு செய்யுங்கள். மற்ற இடங்களில் பக்கத்து அலுவலக ஜூனியரிடம் "நம்ம வழக்கைக் கூப்பிட்டா பாஸ்ஓவர் கேட்டுருங்க" என்று, அதாவது கொஞ்சம் கழித்துத் திரும்பக் கூப்பிடும்படி கேட்கச் சொல்லி வையுங்கள். நாளைக்கு அவருக்காக நீங்கள் நிற்பீர்கள். மதுரை பாரில் இந்தக் கைமாற்று ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவரை எல்லோரும் கவனிப்பார்கள்.

அன்றைய வழக்குகளை வரிசையாகக் கூப்பிடுகிற கால்வொர்க்கில் நம் வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போய், யாருக்காக ஆஜராகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். "ஐயா, இரண்டாம் பிரதிவாதிக்காக. எதிருரை தயாராகிவிட்டது, கட்சிக்காரர் கையெழுத்துக்காக ஒரு வாரம் அவகாசம் வேண்டும்." இப்படிக் காரணத்தோடு கேளுங்கள். "சீனியர் வரலைங்கய்யா" என்பதைக் காரணமாக எந்த நீதிபதியும் எடுத்துக்கொள்ள மாட்டார். நேற்று எழுதிய மூன்று வரி இங்கேதான் வேலை செய்யும். நீதிபதி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடிகிறது என்றாலே அடுத்த முறை உங்களைக் கூர்ந்து கேட்பார். பதில் தெரியாவிட்டால், "பார்த்துவிட்டுச் சொல்கிறேன் ஐயா" என்று சொல்லலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி மட்டும் சொல்லாதீர்கள்.

எதிருரைக்குச் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், நீட்டித்தால் 90 நாள் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். சாதாரண வழக்குகளில் அதற்கு மேலும் கோர்ட் அனுமதிப்பது உண்டு. ஆனால் அதை நம்பி நாளை ஓட்டுவது கட்சிக்காரரை வைத்துச் சூதாடுவது.

தேதி சொன்னதும் அங்கேயே நின்று எழுதுங்கள். பெஞ்ச் கிளார்க் சொல்வதைக் காதால் கேட்டது போதாது, "பதிமூணாந்தேதிதானேங்க?" என்று தமிழில் ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள். இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் மனதை அறுக்கிறது. சேர்ந்த இரண்டாவது மாதம். ஒரு வழக்கில் தேதியை ஆங்கிலத்தில் "தேர்ட்டீன்" என்று சொன்னது எனக்கு "தேர்ட்டி" என்று காதில் விழுந்தது. 30 என்று எழுதினேன். 13-ஆம் தேதி எங்கள் பக்கம் யாரும் இல்லை. 30-ஆம் தேதி போய் நின்றபோது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது என்றார்கள். எங்கள் கட்சிக்காரர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வயதான அம்மா; அவர் குடியிருந்த வீட்டைப் பற்றிய வழக்கு அது. சீனியர் என்னைத் திட்டவில்லை. "நீயும் வா" என்று கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "வீடு போயிருமா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

தீர்ப்பு நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்துச் செய்யக் கேட்டு மனுப் போடலாம். நாங்கள் பதினெட்டாவது நாள் போட்டோம். செலவுத் தொகை கட்டச் சொல்லி கோர்ட் மனுவை அனுமதித்தது. அதைச் சீனியர் கட்டினார். முப்பது நாள் தாண்டித் தெரிந்திருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைப்பேன்.

ஜன்னல்களுக்கு முன்னால் நிற்கிற வேலை

பதினொன்றரை, பன்னிரண்டுக்குக் கால்வொர்க் ஓய்ந்துவிடும். அப்புறம் அலுவலகப் பிரிவுகளில் வேலை. சம்மன் அனுப்ப பேட்டா என்கிற கட்டணத்தைக் கட்ட வேண்டும். அதைச் சொன்ன தேதிக்குள் கட்டாவிட்டால் அந்த ஒரு காரணத்துக்கே வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். நகல் மனுப் போட்டிருந்தால் காப்பி ஸ்டாம்ப் கேட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். தினமும் அந்தப் பலகையைப் பாருங்கள், பெயர் வந்ததும் கட்டிவிடுங்கள்.

நகல் கையில் கிடைத்ததும் அதன் பின்பக்கம் மனுப் போட்ட நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள் எல்லாம் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் கட்டில் சொருகிவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டில் 90 நாள். நகல் எடுக்க ஆன நாட்களை இதில் கழித்துக்கொள்ளலாம். கணக்கு அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

இடைவேளையில் கேன்டீனுக்குப் போவதற்கு முன், எங்கேயாவது குறுக்கு விசாரணை நடந்தால் போய் பின் பெஞ்சில் உட்காருங்கள். நம் வழக்காக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதை விட எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார் என்று பாருங்கள். ஒரு கேள்வியை வேண்டுமென்றே விடுவதன் காரணம் எனக்குப் புரிய மூன்று வருடம் ஆயிற்று.

கிரிமினல் பக்கம்: பழைய எண்ணும் புது எண்ணும்

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. ஆனால் வராந்தாவில் பேச்சு இன்னும் பழைய எண்ணில்தான். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அன்று வர முடியவில்லை என்று போடுகிற மனுவை எல்லோரும் "317" என்பார்கள், மனுவில் 355 என்று எழுத வேண்டும். பிடிவாரண்டைத் திரும்பப் பெறுகிற "70(2)" இப்போது 72(2). ரொம்பக் குழப்புவது 482. பழைய சட்டத்தில் அது ஹைகோர்ட்டின் உள்ளார்ந்த அதிகாரம், வழக்கை ரத்துச் செய்யக் கேட்பது. புதிய சட்டத்தில் அதே எண் முன்ஜாமீன். ரத்து மனுவுக்கு 528. சீனியர் "ஒரு 482 போடணும்" என்றால் எது என்று கேட்டுவிட்டே டைப் அடிக்க உட்காருங்கள்.

செக் வழக்குகள் நிறைய வரும். வங்கியிலிருந்து செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாள் பணம் கட்ட அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். இந்த மூன்றையும் கட்சிக்காரர் முதன்முதலாக வந்து உட்கார்ந்த அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

ஜாமீன் கிடைத்த நாளில் யாரும் உட்காரக் கூடாது

ஜூனியருக்குக் கிடைக்கிற வேலையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

ஜாமீன் மனு அனுமதிக்கப்பட்டது என்று நீதிபதி சொன்னதும் வீட்டார் அழுதுகொண்டே கும்பிடுவார்கள். ஆனால் ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். உத்தரவு நகல் வர வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஜாமீன்தாரர் கேட்டிருப்பார்கள். அவர்கள் அடையாள அட்டை, போட்டோ, சொத்து வரி ரசீதோ உத்தரவில் கேட்ட வேறு ஆவணமோ கொண்டு வந்து மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டு விடுவிப்பு உத்தரவு போட்டு, அது அரசரடி பக்கம் இருக்கிற மத்தியச் சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் சிறை அடைப்பதற்குள் போகாவிட்டால் அன்றிரவும் உள்ளேதான்.

அதனால் மனு விசாரணைக்கு வருவதற்கு முந்தின நாளே வீட்டாருக்கு போன் செய்து, ஜாமீன்தாரர் இருவரைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். கூடுதலாக ஒருவரையும் சொல்லி வைக்கச் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் ஒருவர் பின்வாங்குவது சகஜம். ஆவணங்களின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பெயர், தந்தை பெயர், முகவரி எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் ஒரு பெயரும் ரேஷன் கார்டில் இன்னொரு பெயருமாக இருப்பது நம் ஊர்ப்பக்கம் ரொம்பச் சாதாரணம். ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. இருந்தாலும் ஜாமீன்தாரரை நிறுத்துகிற வேலை ஓடுகிற காலில்தான் இருக்கிறது.

நான் ஜூனியராக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை. உத்தரவில் எதிரியின் தந்தை பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. நான் வாங்கும்போது படித்துப் பார்க்கவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அதைக் காட்டித் திருப்பினார்கள். சனி, ஞாயிறு போய் திங்கட்கிழமைதான் திருத்தம் வாங்க முடிந்தது. இருபது வயதுப் பையன் மூன்று இரவு கூடுதலாக உள்ளே இருந்தான். அதிலிருந்து எந்த உத்தரவை வாங்கினாலும் அந்த இடத்திலேயே நின்று ஒவ்வொரு பெயரையும், குற்ற எண்ணையும், காவல் நிலையத்தையும் விரல் வைத்துப் படித்த பிறகே நகருகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வெளியே வந்த பிறகும் வேலை இருக்கிறது. நிபந்தனையை எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள். எந்தக் காவல் நிலையம், தினமும் எத்தனை மணிக்கு, எத்தனை நாள் கையெழுத்து. முன்ஜாமீன் என்றால் எத்தனை நாளுக்குள் கோர்ட்டில் சரணடைந்து ஜாமீன்தாரர் கொடுக்க வேண்டும். "ஜாமீன் கிடைச்சிருச்சு" என்று மட்டும் கேட்டுவிட்டு கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டவர்கள் உண்டு.

ஒத்தக்கடைக்குப் போகிற நாள்

ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கியது. அதற்கு முன் ஒரு ரிட் மனுவுக்கு நாகர்கோவில்காரர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இப்போது கன்னியாகுமரியிலிருந்து திருச்சி, கரூர் வரை தென்மாவட்ட வழக்குகள் இங்கே வருகின்றன. மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில், ஒத்தக்கடை பக்கம், யானைமலையைப் பார்த்தபடி இருக்கிறது. மேலூர் போகிற பஸ் எல்லாம் அந்த வழிதான். அடையாள அட்டை மறக்காதீர்கள். கட்சிக்காரர் வந்தால் அவருக்கும் அடையாளச் சான்று வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

இங்கே வேகம் வேறு. காலையில் பத்தரையிலிருந்து ஒன்றரை, பிறகு இரண்டேகாலிலிருந்து நான்கே முக்கால். போர்டில் ஓடுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள்; இருபது வழக்கு பத்து நிமிடத்தில் போய்விடும். அரசுத் தரப்புக்கு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறோமா, எதிர்த்தரப்புக்கு நாமே தனியார் நோட்டீஸ் அனுப்பியதற்கு அத்தாட்சி தாக்கல் செய்திருக்கிறோமா என்பதையெல்லாம் முந்தின நாளே பார்த்துவிட வேண்டும்.

கீழமை நீதிமன்றத்தில் தமிழில் நடந்த வழக்கு இங்கே வரும்போது, ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அந்த வேலை ஜூனியர் மேல்தான் விழும். அலுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை வரிவரியாக மொழிபெயர்த்தால் அந்தக் குடும்பத்தின் கதையே பிடிபட்டுவிடும். செக்குபந்தி என்றால் என்ன, கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி, வண்டிப்பாதை பாத்தியம் யாருக்கு, பொதுக் கிணற்றில் முறைத்தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை, 'சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறதா இல்லையா. மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்து நில வழக்குகளில் பாதி இந்தச் சொற்களில்தான் நிற்கின்றன. புரியாத சொல்லுக்கு அகராதியைத் தேடுவதோடு, பத்திரம் எழுதுகிற பெரியவர் யாரையாவது கேளுங்கள். நான் என் தாத்தாவிடம் கேட்டேன். வயலில் கோடு போட்டுக் காட்டினார்.

மாலை

கோர்ட் முடிந்து அலுவலகத்துக்கு வந்ததும், டீ குடிப்பதற்கு முன்னால், அன்று வாங்கிய தேதிகளை அலுவலக டைரியில் ஏற்றுங்கள். உங்கள் தாளில் இருப்பது டைரிக்கு வரும்வரை அந்தத் தேதி யாருக்கும் தெரியாது. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வழக்கு அநாதை. ஒவ்வொரு கட்டின் மேல் அட்டையிலும் எழுதுங்கள்.

பிறகு சீனியரிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள். நீதிபதி கோபப்பட்டிருந்தால் அதையும், நீங்கள் தப்புச் செய்திருந்தால் அதை முதலிலும் சொல்லுங்கள். அன்றைக்கே சொன்ன தப்பைச் சரிசெய்ய வழி இருக்கும்.

ஏழு மணிக்கு மேல் டிக்டேஷன், மனுத் தயாரிப்பு, புதுக் கட்சிக்காரர்கள். கட்சிக்காரர் பேசும்போது நடுவில் சட்டப் பிரிவைச் சொல்லி நிறுத்தாதீர்கள். கடைசியாகச் சொல்வதுதான் பல நேரம் முக்கியமாக இருக்கும். பணம் கட்ட முடியாதவர் வந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அது பலருக்குத் தெரியாது, நாமும் சொல்வதில்லை.

பெண் ஜூனியர்களுக்கு ஒரு சொல். கடைசி பஸ், ஹாஸ்டல் கேட் அடைக்கிற நேரம் எல்லாவற்றையும் சேர்ந்த முதல் நாளே சீனியரிடம் சொல்லிவிடுங்கள். எட்டு மணிக்குக் கிளம்புவதால் யாரும் குறைந்த வக்கீல் ஆகிவிட மாட்டார்கள். காலையில் அரை மணி முன்னால் வந்து அந்த வேலையை முடிக்கலாம்.

கிளம்புவதற்கு முன் கட்சிக்காரர்களுக்கு போன் செய்யுங்கள். "அடுத்த வாய்தா இந்தத் தேதி, அன்னைக்கு நீங்க வர வேண்டியதில்லை, நாங்க பார்த்துக்கிறோம்" என்றோ, "அன்னைக்குச் சாட்சி, கட்டாயம் வரணும், ஒரிஜினல் பத்திரத்தை எடுத்துட்டு வாங்க" என்றோ தெளிவாகச் சொல்லுங்கள். பேரையூரிலிருந்து ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, வராந்தாவில் நின்று வெறும் தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்புகிறார். நாம் செய்கிற இரண்டு நிமிட போன் அவருக்கு அந்த நாளை மிச்சப்படுத்தும். போன் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு எண் கட்டின் உள் அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை அவர் வரும்போது மறக்காமல் வாங்கி எழுதிவிடுங்கள்.